மீசைக்காரர் போய்வந்த தெரு

"அக்கா, அந்தத் தெரு வேண்டாம். மீசைக்காரர் காலையிலேயே வீடு வீடாப் போயிட்டு வந்துட்டார்" என்றார் ஜீப் டிரைவர்.

ஜீப்பில் இருந்த வேட்பாளர் தெருவை எட்டிப் பார்த்தாள். அவளும் மீசைக்காரரும் ஒரே கட்சிதான். சீட்டு அவளுக்குப் போனதும், "வேற சாமி கும்பிடுறவளுக்கா நம்ம ஓட்டு?" என்று அவருடைய ஆட்கள் கட்சி ஆபீஸிலேயே அவள் போஸ்டரைக் கிழித்தார்கள். அந்தத் தெரு முழுக்க அவர் மதத்தார். அவர்கள் ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது.

"கதவைச் சாத்தினா சாத்தட்டும். இறங்குறேன்."

முதல் வீட்டம்மா கதவை அகலத் திறந்தார். "உள்ள வாம்மா. எங்க ஓட்டு உனக்குத்தான்."

"எனக்கா?"

"அவரே வந்து சொல்லிட்டாரே! 'தலைமை என்னைத்தான் நிக்கச் சொல்லிச்சு. அந்தப் பொண்ணு என்னைவிட நல்லா உழைக்கும்னு நான்தான் விட்டுக்கொடுத்தேன். அவ தோத்தா எனக்குத்தான் அசிங்கம்'னு."

சீட்டு கேட்டுத் தலைவரின் மேசையைத் தட்டிச் சண்டை போட்டுவிட்டு, மீசைக்காரர் கண் கலங்க வெளியே வந்த அன்று, கதவருகே நின்று பார்த்தவள் அவள்தான்.