அசைந்த கால்

“ஆடுச்சுப்பா! என் பொண்டாட்டி காலு ஆடுச்சு!”

கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஸ்டீபன் தெருவுக்கே ஓடி வந்துவிட்டான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஈஸ்டர் முடிந்த வாரம் மனைவி ஜெபாவுக்கு இரண்டு காலும் விழுந்து, அவள் படுத்த படுக்கையானதிலிருந்து, பாவம், மனுஷன் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சிரித்தான். பக்கத்து வீட்டு மணியம்மாளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, ஜெபாவின் உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்துக் காட்டினான். சடாரென்று கால் நீண்டு விறைத்தது. விரல்கள் மடங்கின. கொஞ்ச நேரத்தில் தானாகவே தளர்ந்தது.

ஜெபா தலையணையைக் கடித்துக்கொண்டு கண்ணீர் வடித்தாள்.

“அழுவாதடீ. உங்க சாமி கண்ணத் தொறந்துடுச்சு,” என்று மணியம்மாளும் கூடச் சேர்ந்து அழுதாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா! ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஸ்டீபன் மைக்கைப் பிடித்து, கர்த்தர் செய்த அற்புதம் என்று சாட்சி சொன்னான். ஷிப்ட் முடிந்து வந்தால் டீகூடக் குடிக்காமல் எண்ணெய்க் கிண்ணத்தைத்தான் முதலில் எடுப்பான். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு தடவை தேய்த்துக் காட்டாமல் அனுப்ப மாட்டான்.

“ஒரு காலு ஆடுனதுக்கே இந்த ஆட்டம் ஆடுறியே, ரெண்டும் ஆடுனா கம்பெனி தாங்காதுப்பா,” என்று கூட வேலை செய்யும் லோகு கலாய்த்தான்.

“பாத்துக்கினே இரு. கிறிஸ்மசுக்கு அவ சர்ச்சுக்கு நடந்தே வருவா!”

அந்த நம்பிக்கையில்தான் சென்னைக்கு, நரம்பு டாக்டரம்மாவிடம் அவளைத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே மட்டும் விடுவானா? கட்டிலில் படுக்க வைத்த கையோடு உள்ளங்காலைத் தேய்த்தான். கால் விறைத்தது. டாக்டர் காலைப் பார்க்கவில்லை, ஜெபாவின் முகத்தைப் பார்த்தார்.

“வலிக்குதாம்மா?”

“வலியா? சந்தோசத்துல அழுவுறா டாக்டர்!” ஸ்டீபன் முந்திக்கொண்டான்.

“சரி, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க.”

அவன் போனதும் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஜெபாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இதுக்கு முன்னாடி எப்பவாவது கண்ணு மங்கலாச்சா?”

“போன வருசம் ஒரு கண்ணு மங்குச்சு. கொஞ்ச நாள்ல அதுவே சரியாப் பூடுச்சு.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “கால் சரியாகி வர்றதால இது ஆடலைம்மா. உடம்போட எதிர்ப்பு சக்தியே உன் தண்டுவடத்தைத் தாக்குதுன்னு நினைக்கிறேன். அங்க உண்டான புண்ணுதான் காலை இப்படி இழுக்குது. மருந்து இருக்கு. விட்டுட்டா அடுத்து கை விழலாம், கண்ணும் போகலாம்.”

ஜெபா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வலியோட இழுத்தா, இது என்ன நோய்னு எனக்கு முக்கால்வாசி தெரிஞ்ச மாதிரி. ரத்தப் பரிசோதனையில உறுதி பண்ணிடலாம். அதனால மறைக்காம சொல்லு. இழுக்கும்போது வலிக்குதா?”

ஜெபா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். வெளியே ஸ்டீபன் முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் அவள் கால் ஆடும் வீடியோவைப் போனில் காட்டிக்கொண்டிருந்தான். வாயெல்லாம் பல். ஈஸ்டரோடு தொலைந்துபோய், இப்போதுதான் திரும்பி வந்திருந்த சிரிப்பு.

அவள் டாக்டரின் கையைப் பிடித்து அருகே இழுத்தாள்.

“ஒவ்வொரு தபாவும் உசுரே போவுது டாக்டர். மெதுவாப் பேசுங்க, அவரு காதுல வுழுந்துடப் போவுது.”