நிலைத்த தலைமை

தணிகாசலம் ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் அந்தப் பள்ளிக்கு அவர்தான் தலைமையாசிரியர். நூறு சதவீதத் தேர்ச்சி தந்த தலைமையை மாற்றுவதாவது என்று நிர்வாகம் அவருடைய குரலையும் குணத்தையும் ஒரு கணினிப் பெட்டியில் ஏற்றி, அதே நாற்காலியில் உட்கார வைத்திருந்தது. அந்தப் பெட்டியின் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியபோது பெருமையில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று பேத்தி இளவேனியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, மனுவோடு உள்ளே வந்திருந்தார்.

"ஒன்பதாவதுல கணக்கு முப்பத்தொண்ணு. பத்தாவதுக்கு ஏத்தினா ரிசல்ட் கெட்டுடும். டி.சி. வாங்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க. பிள்ளையோட நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றது பெட்டி, அவருடைய குரலிலேயே.

"ஒரு வருஷம் டைம் குடு. நான் உக்காந்து சொல்லித் தரேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"டேய், நான்தான்டா நீ!" மேசையை ஓங்கித் தட்டினார்.

"நீங்க இப்ப இளகிட்டீங்க சார். அதுக்குத்தானே என்னை வெச்சிருக்காங்க?"

இந்த அறையில் பெற்றவர்கள் முதலில் கத்துவார்கள், பிறகு அழுவார்கள். கத்தி முடித்ததுமே தண்ணீர் கொடுத்துவிட்டால், அழுகை அறைக்கு வெளியே போய்விடும். அது அவரே வகுத்த முறை. இருபத்திரண்டு வருடம் ஒருநாளும் தவறியதில்லை.

பெட்டி மணியடித்தது.

அலுவலக உதவியாளர் எஸ்தர் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்தாள். தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர். பக்கத்தில், அவருடைய கையெழுத்தோடு டி.சி.