உருளைக்கிழங்கு மூக்கு

நின்று நின்று ஓவிய டீச்சருக்குக் கெண்டைக்கால் கடுத்தது. கடைசி மேசைக்காரன் முணுமுணுத்தான்.

“மத்தவங்களுக்கு வரைய ஷூ, குடை. எனக்கு மட்டும் உங்க மூஞ்சியா, டீச்சர்?”

“அவங்கவங்க கைக்கு ஏத்ததுதான். தினம் பார்க்கிற மூஞ்சி, சுலபமா வரும். பத்துக்கு எத்தனைன்னு மார்க்கை நீயே போட்டுக்கோ. அஞ்சுக்குக் குறைஞ்சா பந்தயத்துல நீ தோத்தே.”

தானே போடும் மார்க்குக்கு என்ன பயம்? மூக்கை உருளைக்கிழங்காகவும் வாயைக் கிழிந்த சாக்காகவும் வரைந்துவிட்டு, துணிந்து பத்து போட்டான்.

“பத்தா? அப்போ நான் அச்சு அசலா இப்படித்தான் இருக்கேனா?”

வகுப்பே சிரித்தது. அவசரமாக அழித்து ஐந்தாக்கினான்.

“ஓகோ, பாதி இப்படியா?”

அதையும் அழித்து, இரண்டு போட்டான்.

மாலை வகுப்பு முடிந்ததும் டீச்சர் மனைவியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு வீட்டுக்கு நடந்தான். “கிறுக்குறதெல்லாம் ஒரு வேலையா?” என்று வாய் விட்டுப் பந்தயம் கட்டியதற்கு, அவளுக்கு ஒரு மாதம் பாத்திரம் தேய்க்க வேண்டிய கடன் பாக்கி.