மனம் நிறைந்தால் திறக்கும் கேட்

மூன்று நாள் தங்கலாம் என்று ஏற்காட்டு விடுதிக்கு வந்த மாசிலாமணி குடும்பத்துக்கு அன்று ஒன்பதாம் நாள். வந்தவர்கள் எல்லோரும் மனநிறைவோடு கிளம்பினால்தான் அங்கே கேட் திறக்கும். முகத்தைப் பார்த்தே அது கண்டுபிடித்துவிடும்; பல்லைக் காட்டி ஏமாற்ற முடியாது. பன்னிரண்டாம் அறைக்காரர்கள் போன தீபாவளிக்கு வந்தவர்கள். மாதப் பாலுக்கே சொல்லிவிட்டார்கள்.

அன்றும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கேட் முன்னால் காரை நிறுத்தினார் மாசிலாமணி. அவருக்குப் பச்சை விளக்கு எரிந்தது. மகள் யாழிக்கும் பச்சை. மனைவி வேதவல்லிக்கு மட்டும் வழக்கம்போல் சிவப்பு.

"இன்னும் என்ன குறை வேதா? படகுல போயாச்சு, மசாஜும் ஆச்சு. நாளைக்கும் ஆபீஸ் போகலேன்னா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க!"

"இங்க ஒரு குறையும் இல்லீங்க. இந்தக் கேட்டைப் பாத்ததும் வீட்டு ஞாபகம் வந்துடுது. போனதும் இட்லிக்கு ஊறப்போடணும், ஒன்பது நாள் துணி துவைக்கணும்…"

பதினாறு வருடத்தில் அவள் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இனிமே மாவாட்டுறது, துணி துவைக்கிறது எல்லாம் நான்தான். சத்தியமா."

வேதவல்லி அவரை உற்றுப் பார்த்தாள். மனிதர் மனதாரத்தான் சொல்கிறார். முகம் மலர்ந்துவிட்டது, பச்சை எரிந்தது.

கேட் திறக்கவில்லை. மாசிலாமணியின் விளக்கு சிவப்பாகியிருந்தது.

பின் சீட்டிலிருந்து யாழி கேட்டாள்: "அப்பா, நாமளும் பாலுக்குச் சொல்லிடலாமா?"