இரண்டாவது கம்பளி

புயல் மலையைச் சரித்துப் பத்து நாளாயிற்று. ஊராரின் காயங்களுக்கெல்லாம் கட்டுப் போட்டுவிட்டு, நர்ஸம்மா கடைசி ஆளாக நிவாரணக் கம்பளி வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வீட்டு எண்ணைச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் காலையிலேயே வாங்கிட்டுப் போயிட்டாரே," என்றார் வெளியூர்த் தொண்டர்.

மண்சரிவில் செத்த புருஷனை அவளேதான் குளிப்பாட்டிப் புதைத்திருந்தாள். நோட்டில் அவன் கையெழுத்து இருந்தது.

"எத்தனை வாங்கினாரு?"

"ரெண்டு. ஒண்ணு சம்சாரத்துக்குன்னார். அவங்களுக்குக் குளிர் தாங்காதாமே."

இருபது வருஷத்தில் அவளுக்குக் குளிருமா என்று அவன் கேட்டதே இல்லை. நெஞ்சு இளகிப்போய் இடுகாட்டுக்கு ஓடினாள்.

அவனைப் புதைத்த மேட்டின்மேல் ஒரு கம்பளி கிடந்தது. மற்றது, அதே சரிவில் செத்த தையல்காரியின் மேட்டின்மேல், காற்றில் பறக்காதபடி நாலு ஓரமும் பக்குவமாகச் செருகியிருந்தது.