மாப்பிள்ளைத் தொப்பி

தனக்குப் பிடிக்காத ஒரு தலைக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள் இன்பமலர். திருகோணமலையில் கச்சான் காற்று அனலாய் வீசுகிற ஆனி மாதம். கம்பளி நூலைத் தொட்டாலே உள்ளங்கை வேர்த்தது. ஆனால் மாப்பிள்ளை இருப்பது நுவரெலியாவில். அங்கே குளிரில் காது விறைத்துப்போகுமாம்.

முன்வாசலை அடைத்துக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார் அவளுடைய அப்பா யேசுரட்ணம். குசினிப் பின்கதவில் பூட்டுத் தொங்கியது. சீனி அலுமாரிக்கே பூட்டுப் போடுகிற மனுசன், மகளைச் சும்மா விடுவாரா? சாவிக்கொத்து அவருடைய மடியில் பத்திரமாக இருந்தது.

போன மாதம் வரை இங்கிலாந்துக்குத் தாதிப் படிப்புக்குப் போக இருந்தவள் இன்பமலர். கடவுச்சீட்டு வந்து, கப்பலில் இடமும் கிடைத்த பிறகு, தேயிலைத் தோட்டக் கிளாக்கர் ஒருவரின் சம்பந்தம் வந்தது. அப்பா தலைகீழாக மாறிவிட்டார். நாளைக்குக் கொழும்பிலிருந்து கப்பல். இன்றைய பின்னேர ரயிலை விட்டால் கப்பலும் போச்சு, படிப்பும் போச்சு. அந்த ரயில் போகும்வரைதான் இந்தக் காவல்.

"அம்மா, நீங்களாவது அப்பாவுக்குச் சொல்லுங்கோவன்" என்று கெஞ்சினாள் இன்பமலர்.

"வாயை மூடிக்கொண்டு பின்னு" என்றாள் மரியம்மா. "இரண்டு நேர், இரண்டு புரட்டு. கதைச்சால் வரி பிசகிப் போயிடும்."

மூன்று ஊசிகளில் கண்ணிகளை ஏற்றி, நாலாவது ஊசியால் வட்டமாகப் பின்ன வேண்டும். தொடங்கிய அன்று வட்டத்தைச் சேர்க்கும்போது எங்கேயோ ஒரு முறுக்கு விழுந்துவிட்டது. விரற்கடை அளவு பின்னிய பிறகுதான் அது தெரிந்தது. மரியம்மா இரக்கமே இல்லாமல் அவ்வளவையும் இழுத்து அவிழ்த்தாள்.

"முறுகினதை இனி நேராக்க ஏலாது. முதலில இருந்து தொடங்கு. வடிவா இருக்க வேணும்."

அன்றிலிருந்து இன்பமலர் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்று முடிந்த இடத்திலேயே அடுத்த சுற்றுத் தொடங்கியது. அப்பா மேல் இருந்த கோபத்தைவிட அம்மா மேல்தான் கூடக் கோபம். ஒரு வார்த்தை பரிந்து பேசக்கூடாதா?

ஒருவழியாகக் கடைசிக் கண்ணிகளை ஒன்றாக இழுத்து உச்சியை மூடினாள்.

"எங்க, போட்டுக் காட்டு" என்றாள் மரியம்மா.

இன்பமலர் கொண்டையோடு சேர்த்துப் போட்டாள். தொப்பி இரண்டு காதும் மறைய அழகாக இறங்கியது.

யேசுரட்ணம் எட்டிப் பார்த்தார். "அந்தப் பொடியனுக்கு இவ்வளவு பெரிய தலையோ?"

"வரி வரியாப் பின்னினது இழுபடும், சுருங்கும். எந்தத் தலைக்கும் சரிவரும்" என்ற மரியம்மா, வளையமாகச் சுற்றிய ஒரு நூற்கழியைக் கையில் எடுத்தாள். "இஞ்சருங்கோ, ஒரு கழி மிஞ்சிப்போச்சு. உங்களுக்கும் ஒண்டு பின்னட்டோ?"

யேசுரட்ணத்தின் முகம் மலர்ந்தது. அவர் துறைமுக டொக்யாட்டில் கயிற்று ஸ்டோரைப் பார்த்தவர். வெள்ளைக்கார மாலுமிகளின் கம்பளித் தொப்பியைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவர். இந்த ஊரில் அதைப் போட்டால் மண்டை வெந்துபோகும் என்று யார் சொல்லி அவர் கேட்கப்போகிறார்?

கழியை அவருடைய இரண்டு கைகளிலும் மாட்டிவிட்டு, எதிரே இருந்து நூலை உருண்டையாகச் சுற்றத் தொடங்கினாள் மரியம்மா. பிடித்திருப்பவர் கையை இறக்கினால் நூல் சிக்கிவிடும். சிக்கு என்றால் யேசுரட்ணத்துக்கு ஆகவே ஆகாது. கயிற்றில் ஒரு சிக்கைக் கண்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"பிள்ளை, அப்பாவுக்குத் தேத்தண்ணி போடு" என்றாள் மரியம்மா.

"சீனி அலுமாரிச் சாவி?"

"என்ர கை கிடக்கிற கிடையைப் பாக்கத் தெரியேல்லையோ?" என்று சினந்தார் யேசுரட்ணம். "மடியில இருக்கு. நீயே எடு."

இன்பமலர் சாவிக்கொத்தை எடுத்தாள்.

"சீனியைத் தவிர மற்ற எல்லாம் குசினியில எடுத்து வச்சிருக்கிறன்" என்றாள் மரியம்மா, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். "கண்ணைத் துடைச்சுக்கொண்டு போ."

இன்பமலர் ஒரு கணம் அம்மாவையே பார்த்தாள். பிறகு தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள்.

நூல் வந்துகொண்டே இருந்தது. மரியம்மா ஒருநாளும் இவ்வளவு மெதுவாக, ஆறுதலாக நூல் சுற்றியதில்லை. யேசுரட்ணத்துக்குத் தோள் கடுத்தது. மூக்கு நுனி வேறு அரித்தது. சொறிய வழியில்லை.

"கெதியாச் சுத்தன். தேத்தண்ணியையும் காணேல்ல."

"ஐயோ, அசையாதேங்கோ! சிக்கப்போகுது."

அவ்வளவுதான். மனுசன் கைகளை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிலையாக இருந்தார்.

பின் ஒழுங்கையால் போனால் கூப்பிடு தூரத்தில் ஸ்டேசன். அங்கிருந்து ரயில் கூவியது. ஒருதரம் கூவி, பிறகு நீளமாகக் கூவிக்கொண்டு தூரத்தில் தேய்ந்தது. யேசுரட்ணம் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! ரயிலும் போட்டுது, கரைச்சலும் முடிஞ்சுது. இனி எங்க போகப்போறாள் அவள்?"

மரியம்மா கடைசி இழையையும் அவருடைய கையிலிருந்து கழற்றினாள். உருண்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

"இங்கிலாந்துக்கு. அங்கயும் சரியான குளிராம்."