ஐயாவு தொடாத கழுத்து

“உங்க கழுத்த நான் தொட மாட்டேன், அண்ணே. எந்திரிங்க.”

சிலிபின் வட்டாரத்துச் சலூனில் காத்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்கலுக்கு முகம் சிவந்துவிட்டது.

எஸ்டேட்டில் கிராணியாக, கணக்கு எழுதி ரிடையரானவர் அவர். பன்னிரண்டு வருஷமாக ஐயாவுவிடம்தான் முடிவெட்டு, சவரம். கடைசியில் தலையைப் பிடித்துத் திருப்பி, கழுத்தில் ‘மடக்’கென்று ஒரு நெட்டி. அது இல்லாவிட்டால் அவருக்கு முடி வெட்டின மாதிரியே இருக்காது.

இன்றைக்கும் அதைத்தான் கேட்டார். “காலையில ஒரு கண்ணு திரை போட்ட மாதிரி இருட்டிக்கிச்சு. அஞ்சு நிமிஷத்துல சரியாப் போச்சு. கழுத்துப் பிடிப்புதான். நல்லா ஒரு நெட்டி எடு.”

அதற்குத்தான் இந்த மரியாதை!

“ஏன், என் கழுத்து நாறுதா?”

“ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே.”

“உனக்கு என்ன கிலாவா, பைத்தியம் பிடிச்சிருக்கா? உன்னை விட்டா ஊர்ல வேற கடை இல்லியா, லா?”

துண்டை உதறி எறிந்துவிட்டு வெளியே வந்தார். வழியில் ஒரு காப்பி குடித்து ஆத்திரத்தை ஆற்றிக்கொண்டு, அடுத்த தெரு சீனி கடைக்குப் போனார்.

சீனி வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தான்.

“மன்னிச்சுக்குங்க கிராணியாரே. ஐயாவு அண்ணே இப்பத்தான் சைக்கிள்ல வந்து சொல்லிட்டுப் போனாரு. உங்க கழுத்துல யாரும் கை வைக்கக் கூடாதாம்.”

பாஸ்கலுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் மனைவி எல்ஸியிடம் கத்தினார்.

“எனக்கு ஏதோ தொத்து வியாதின்னு ஊரெல்லாம் பரப்புறான்! நாளைக்கே டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி, அவன் கடைக் கண்ணாடியில ஒட்டுறேன் பாரு!”

மறுநாள் காலை கதையைக் கேட்ட டாக்டர் ஜெயபாலன் முதலில் சிரித்தார். கண் இருட்டியதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

“மூளைக்கு ரத்தம் போற குழாய் சுருங்கிப் போச்சு, மிஸ்டர் பாஸ்கல். உஸ்ஸுன்னு சத்தம் கேக்குது. உள்ள கொழுப்பு படிஞ்சிருக்கணும். உங்க வீட்டுல யாருக்காவது பக்கவாதம் வந்திருக்கா?”

“அண்ணன் கஸ்பாருக்கு. போன வருஷம் என்னைப் பார்த்துட்டு அவரு ஊரு ஆயர் தாவாருக்குத் திரும்பறப்ப பஸ்லயே சாய்ஞ்சிட்டாரு. வாய் கோணிக்கிச்சு. மூணாம் நாள் போயிட்டாரு.”

டாக்டர் அவர் கையைப் பிடித்தார்.

“இந்தக் கழுத்த யாராவது திருகியிருந்தா, அந்தக் கொழுப்பு உடைஞ்சு மூளைக்குப் போயிருக்கும். உங்களுக்கும் அதே கதிதான். அந்த முடிவெட்டுறவன்தான் உங்களைக் காப்பாத்தியிருக்கான்.”

லெட்டர் கேட்க வந்ததையே பாஸ்கல் மறந்துபோனார்.

கோலாலம்பூரில் கழுத்தைத் திறந்து, குழாய்க்குள் இருந்த அடைப்பை எடுத்தார்கள். மூன்றாவது வாரம், காதுக்குக் கீழே நீளமான தையல் தழும்போடு வீடு திரும்பினார். திரும்பியதும் முதல் வேலையாக, எல்ஸி செய்த கேக்கோடு ஐயாவு கடைக்கு நடந்தார்.

கடையில் இருந்த எல்லார் முன்னாலும் கைகூப்பினார்.

“ஐயாவு, என்னை மன்னிச்சிரு. அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நீ இல்லேன்னா நான் இன்னைக்கு இல்ல.”

ஐயாவு கேக்கை வாங்கவில்லை. தலை குனிந்தபடி நின்றான்.

“வாங்கிக்க, லா! டாக்டருக்கே ஸ்டெதாஸ்கோப் வச்சுக் கேட்டப்புறம்தான் தெரிஞ்சுச்சு. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?”

ஐயாவு கையிலிருந்த சீப்பை மேசையில் வைத்தான்.

“கஸ்பார் அண்ணே போன வருஷம் ஊருக்குத் திரும்பின அன்னைக்கு, பஸ்ஸுக்கு நேரம் இருக்குன்னு இங்க வந்தாருண்ணே. ஒரு கண்ணு இருட்டிக்கிச்சுன்னு சொன்னாரு. நான்தான் நல்லா ஒரு நெட்டி எடுத்து அனுப்பி வச்சேன்.”